சாமுராய் பொம்மை வந்த வழி

புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளும் சங்கரன்கோவில்காரர்களுக்கு மண்ணின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கொலுப்படிகளிலும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் நம் மண்பொம்மைகளோடு வெளிநாட்டுப் பீங்கான் பொம்மைகளும் இருக்கும். அவற்றில் ஜப்பானியச் சாமுராய்க்கு ஒரு தனி மிடுக்கு. கொம்பு வைத்த தலைக்கவசம், இடுப்பில் வாள், மார்புக் கவசத்தின் ஒவ்வொரு தகட்டு ஓரத்திலும் தூரிகையால் இழுத்த மெல்லிய பொன்கோடு.

இந்தப் பொம்மை பிறக்கக் காரணமே ஒரு போர். 1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைத் தாக்கின. திரும்பிய சாமுராய் பிரபுக்கள் அங்கிருந்த குயவர்களைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் போன யீ சாம்-பியோங், 1616 வாக்கில் ஜப்பானின் அரித்தா ஊர் மலையில் பீங்கானுக்கேற்ற கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அவ்வூர் மரபு. ஜப்பானியப் பீங்கானின் கதை அந்த மலையில்தான் தொடங்குகிறது.

அடுத்த திருப்பம் சீனாவில். 1644இல் மிங் அரசு கவிழ்ந்தது; கலவரத்தில் சீனச் சூளைகள் தடுமாறின. பீங்கான் கிடைக்காமல் தவித்த டச்சுக் கம்பெனி ஜப்பான் பக்கம் திரும்பியது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த அதே கம்பெனிதான், 1659இல் அரித்தாவுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நம் கரையிலிருந்து போன பருத்தித் துணிகளும் டச்சுக் கப்பல்கள் வழியே நாகசாகியில் இறங்கின. நம் தறிக்காரரும் அரித்தாக் குயவரும் ஒரே வியாபாரியின் கணக்கில் இருந்தார்கள்!

ஐரோப்பாவில் அரித்தாவின் வண்ணங்களில் மயங்கியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ். தங்கம் செய்வேன் என்று பெருமையடித்த பாட்கர் என்ற இளைஞரை அவர் காவலில் வைத்தார். தங்கம் வரவில்லை, 1708 வாக்கில் பீங்கானின் ரகசியம் பிடிபட்டது. 1710இல் மைசென் ஆலை தொடங்கியது. அங்கே அரித்தாவின் பாணியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பிறகு மேசையை அலங்கரிக்கும் பீங்கான் உருவங்களையும் செய்து ஐரோப்பாவைக் கவர்ந்தார்கள்.

1868இல் ஜப்பானில் ஆட்சி மாறியது. 1870இல் கோட்ஃபிரீட் வாகெனர் என்ற ஜெர்மானியர் அரித்தாவுக்கே வந்து புதிய சாயங்களையும் நிலக்கரிச் சூளையையும் அறிமுகப்படுத்தினார். அரித்தாவைக் காப்பியடித்த நாட்டுக்காரர் அரித்தாவுக்கு ஆசிரியரானார். 1873 வியன்னா கண்காட்சியில் ஜப்பானியக் கைவினைப் பொருள்கள் ஐரோப்பியரை ஈர்த்தன. 1876இல் சாமுராய்கள் வாள் அணியத் தடை வந்தது. தெருவில் மறைந்த வீரன், ஏற்றுமதிக்கான பொம்மையாக வாளோடு கப்பலேறினான்.

இந்தியச் சந்தைக்கு வேறொரு நகல் வந்தது. ஓவியர் ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்களைப் பார்த்து ஜெர்மானியர்கள் பீங்கான் சிலைகள் வார்த்தார்கள். அவற்றைப் போல் ஜப்பானியர்களும் செய்தார்கள். 1914இல் மூண்ட உலகப்போர் ஜெர்மன் சரக்கைத் தடுத்தது. அந்த இடத்தை மலிவான ஜப்பான் சரக்கு நிரப்பியது. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார், செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் ஜப்பானிய ஓடுகளைப் பதித்தது இந்தக் கடல்வணிகத்தின் காலத்தில்தான். இன்றும் அவை நிறம் மங்காமல் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பொம்மை இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளில் அது பிறந்த நாட்டைப் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தால் 1891 முதல் ‘நிப்பான்’ என்றும், 1921 முதல் ‘ஜப்பான்’ என்றும் முத்திரை வந்தது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால் அது இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளின் சரக்கு. முத்திரை இல்லையென்பதால் மட்டும் பழமையானது என்று நம்பிவிட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பொன்கோடு மெருகுக்கு மேலே தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டது. அழுத்தித் தேய்த்தால் போய்விடும். குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்காமல் மெல்லிய துணியால் துடையுங்கள். யார், எந்த ஊரிலிருந்து வாங்கி வந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியும் வையுங்கள். பொம்மையின் பயணத்தில் கடைசிக் கட்டம் உங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.