பர்மா தேக்குக் கதவுக்கு ஜோடி தேடுறீங்களா? இதைப் படிச்சுட்டு ஆசாரியைக் கூப்பிடுங்க!

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடு ஒன்றில் உங்க குடும்பத்துக்குப் பங்கு இருக்கா? அப்படின்னா, அடிப்பக்கம் உளுத்துப்போன ஒரு கதவாவது அங்கே நிச்சயம் நிற்கும். பங்காளிகள் கூடிப் பேசினால் பெரும்பாலும் வரும் முடிவு, 'கழற்றி வித்துட்டு, செட்டிநாடு டிசைன்ல புதுசா போட்டுடலாம்.' கொஞ்சம் பொறுங்க. முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைக்குப் போன கதவு வீடு திரும்பாது.

அதோட, 'செட்டிநாடு டிசைன்' என்று ஒரே ஒரு டிசைன் கிடையவே கிடையாது. பழைய தலைமுறை வீடுகளில் நிலைக்கு மேலே கஜலட்சுமி, கிளி, கொடி என்று இடைவெளியே விடாமல் செதுக்கியிருப்பார்கள். 1930, 40-களில் கட்டிய வீடுகளில் ஆர்ட் டெகோ பாணி எட்டிப்பார்க்கும். நேர்க்கோடுகள், வண்ணக் கண்ணாடி, குறைவான செதுக்கல். இந்த வீட்டில் அந்தக் கதவை மாட்டினால் கல்யாண மண்டப செட் மாதிரிதான் இருக்கும்.

அப்போ மாதிரிக்கு எங்கே போறது? இன்ஸ்டாகிராமுக்கு வேண்டாம், வளவுக்குப் போங்க. முற்றத்தைச் சுற்றி, மகன்களின் குடும்பங்களுக்கு என்று வரிசையாகக் கட்டிய அறைகளில் கதவுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நன்றாக இருக்கும் கதவுதான் உங்க கேட்லாக். ஸ்கேலை ஒட்டிவைத்து நேருக்கு நேர் போட்டோ எடுங்க. விளிம்பு வளைவுகளுக்கு மட்டும் போட்டோ போதாது. அட்டையை வைத்து அந்த வளைவை அப்படியே வெட்டி எடுக்கணும்.

அடுத்து மரம். மியான்மர் 2014-லேயே தேக்குத் தடிகளின் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. இன்றைய தோட்டத் தேக்கு வேகமாக வளர்ந்தது. ரேகை அகலம், நிறமும் வெளிர். பழைய கதவில் ஒட்டினால் பிளாஸ்திரி போட்ட மாதிரி தனியாகத் தெரியும். இடித்த வீட்டு உத்தரங்களை விற்கும் பழைய மரக்கடைகளில் தேடுங்க. அறுப்பதற்கு முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க, இல்லைன்னா ரம்பம் காலி!

முழுக் கதவையும் மாற்றவேண்டிய தேவை பல நேரம் இருக்காது. கழுவும் தண்ணீரும் மழைச் சாரலும் பட்டு உளுப்பது கீழே ஓர் அடிதான். அந்தப் பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே சாய்வில் வெட்டிய பழைய தேக்கை ஒட்டலாம். நேராக வெட்டி ஒட்டுவதைவிட இதில் பிடிப்புப் பரப்பு அதிகம். பழைய கதவுகளில் ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளைக்குள் இறக்கி, மர ஆணி அடித்திருப்பார்கள். நடுப்பலகை காடிக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், பசை கிடையாது. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்க அதற்கு இடம் வேணும். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினால், அடுத்த கோடையிலேயே பலகை பிளக்கலாம். இதைத் தெரிந்த ஆசாரியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை தொடங்கும் முன் ஓரடி விளிம்பை மட்டும் மாதிரிக்குச் செய்யச் சொல்லுங்க. அதைப் பழைய கதவோடு ஒட்டிவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாலிஷ்? மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்க. இளகி ஒட்டினால் பெரும்பாலும் அது அரக்கு பாலிஷ். அதையே திரும்பப் போடலாம், பளபள பிளாஸ்டிக் கோட்டிங் வேண்டாம். மேலே எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீங்க. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

எல்லாம் முடிந்ததும் ஒட்டுப்போட்ட துண்டின் பின்பக்கம், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, வருஷத்தை உளியால் பொறிக்கச் சொல்லுங்க. அடுத்து அந்தக் கதவைக் கழற்றும் ஆசாரிக்கு எது பழசு, எது நீங்க போட்டதுன்னு தெரியணும் இல்லையா?