லயத்திலிருந்து தாமானுக்கு: மலாக்கா தோட்டத் தமிழரின் வீட்டுக் கணக்கு

கோலா சுங்கை பாரு மலாக்கா மாநிலத்தின் வடமேற்குக் கரையில், அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள ஆற்றுமுகச் சிற்றூர். அருகே மஸ்ஜித் தானா, உள்நாட்டில் அலோர் காஜா பட்டணம், கரையோரமாகத் தெற்கே போனால் சுங்கை ஊடாங், அதையும் தாண்டினால் மலாக்கா நகரம். இந்த ஊர்களுக்கு இடையே இருந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தோட்டங்கள் ஆளைக் குறைத்தபோது, கூலிக்காரர் கைக்கு எட்டும் விலையில் வீடு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி எழுந்தது. மேற்குக் கரையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது.

மலாக்காவில் தமிழரின் இருப்பு தோட்டங்களைவிடப் பல நூற்றாண்டு பழையது. சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து தங்கியவர்களின் வழியினரான மலாக்கா செட்டிகள் நகரை ஒட்டி வீடும் கோயிலும் அமைத்துக்கொண்டனர். டச்சு ஆட்சி தந்த நிலத்தில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. தோட்டத் தமிழரின் கதை வேறு. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து புக்கிட் அசஹானில் மரவள்ளி விளைந்த மண்ணுக்கு ரப்பர் வந்தது. கெமுனிங், தெபோங், காடேக், செர்க்காம், சுங்கை பாரு எனத் தோட்டங்கள் மாநிலமெங்கும் பரவின. பால் வெட்டும் கைகளைக் கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து திரட்டி வந்தனர். அப்படித் திரட்டப்பட்டவர்களின் கப்பல் செலவை ஏற்க 1907இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றது. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதையே தடுத்தது.

அப்படி வந்தவர்களுக்குத் தோட்டம் தந்த வீடு லயம். நீளமான ஒரே கூரையின் கீழ் அறைகள் வரிசையாக இருக்கும். குடும்பம் பெரிதானாலும் அறை பெரிதாகாது. வாடகை கிடையாது. பக்கத்திலேயே கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை. செலவுக் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் இதைவிட மலிவான இருப்பிடம் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அந்தக் கூரை வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பால் வெட்டுகிறவர் வேலையை விட்டாலோ, ஓய்வு வயதை அடைந்தாலோ, தோட்டம் கைமாறினாலோ அறையைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு உழைத்தவரிடமும் வீட்டுப் பத்திரம் என்று ஒரு தாள் இருக்காது. பிற்காலத்தில் நடந்த அத்தனையையும் தீர்மானித்தது இந்த ஒரு குறைதான்.

முதல் அடி 1950களில் விழுந்தது. அவசரகாலமும் விடுதலை நெருங்குகிறது என்ற அச்சமும் சேர, ஐரோப்பிய நிறுவனங்கள் சில தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டுச் சிறு உடைமையாளர்களுக்குக் கைமாற்றினர். பேராசிரியர் உங்கு அசீஸ் இதை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கை தந்தார். துண்டாடலில் தொழிலாளர் வேலையையும் கூரையையும் ஒரே நாளில் இழந்தனர். இதற்கு மறுமொழியாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர் கட்டிய பணத்தில் சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. மேலும் பல தோட்டங்கள் தொடர்ந்தன. கூலிக்காரர்களைத் தோட்டத்தின் பங்குதாரர்களாக்கிய இந்த முயற்சி மலேசியத் தமிழர் எடுத்த பொருளாதார முடிவுகளுள் தலையாயது. எனினும் சங்கத்தின் கைக்கு எட்டாத தோட்டங்களே மிகுதி. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். நாட்டில் தங்கியவர்களுக்கு வீட்டுக் கேள்வி அப்படியே நின்றது.

ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிந்தது. ஒரு வழி கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே தோட்டங்களே நகரங்களாகிக்கொண்டிருந்தன: சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகவும், எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவாகவும் மாறின. அவற்றில் எழுந்த வீடுகள் முன்னாள் தொழிலாளரின் வருமானத்துக்கு எட்டாதவை. எனவே பலர் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக் குடியேறினர். பிறகு தற்காலிக நீளவீடுகள், கடைசியில் அடுக்குமாடிகள். நெருக்கடியும் புறக்கணிப்பும் மண்டிய இத்தகைய குடியிருப்புகளில் ஒன்றான கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் வெடித்த மோதலில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். சம்பளம் கூடுதலாகக் கிடைத்த இடத்தில் வாழ்க்கை மலிவாகவில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

மற்ற வழி, பிறந்த மாவட்டத்துக்குள்ளேயே பக்கத்துப் பட்டணத்தில் வீடு வாங்குவது. மலாக்காவில் இது ஓரளவு கைகூடியதற்கு மாநிலத்தின் சிறுமையே முதல் காரணம். மூன்றே மாவட்டங்கள், பெரும்பாலான ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வரலாம். 1970களின் தொடக்கத்தில் பத்து பெரெண்டாமில் சுதந்திர வணிக வட்டாரம் உருவாகி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் பலர் பால் வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். 1994இல் சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2003இல் அலோர் காஜாவை அடுத்த பெகோவில் ஹோண்டா கார் தொழிற்சாலை என்று வேலை நகரத்தை விட்டு வெளியேயும் பரவியது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் சிம்பாங் அம்பாட் வாயில் அலோர் காஜாவை நாட்டின் தலைநகரோடு நேராக இணைத்தது.

வீட்டு விலையை நிர்ணயித்ததில் அரசின் விதிக்கும் பங்கு உண்டு. 1980களில் மலிவு விலை வீடு என்பது 25,000 வெள்ளிக்கு மேற்படாதது, மாதம் 750 வெள்ளிக்கு மேல் வருமானம் இல்லாத குடும்பத்துக்குரியது என்று வகுக்கப்பட்டது. 1998இல் நிலவிலைக்கு ஏற்ப நான்கு படிகள் வந்தன. பெருநகரங்களில் உச்சவரம்பு 42,000 ஆனது. சிறுபட்டணங்களிலும் கிராமப்புறத்திலும் அதே 25,000 நீடித்தது. சிறுபட்டணத்தில் வீடு தேடிய குடும்பத்துக்கு இந்த 17,000 வெள்ளி வேறுபாடு, மாதம் 750 வெள்ளி வருமானத்தில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சம்பளம்.

ஆனாலும் வாங்குவது எளிதாக இருக்கவில்லை. தோட்டத்தில் நாள் கூலி; மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. நிலையான மாதச் சம்பளம் காட்ட முடியாதவருக்கு வங்கி கடன் தர யோசிக்கும். பல குடும்பங்களில் தொழிற்சாலைக்குப் போன மகனின் அல்லது மகளின் சம்பளச் சீட்டுதான் கடனைப் பெற்றுத் தந்தது. முன்பணத்துக்குப் பெற்றோரின் சேமநிதி கைகொடுத்தது. நிலத்திலும் ஒரு தடை இருந்தது. மலாக்காவில் வழக்கு நிலம் என்ற தனி வகை உண்டு. அது பொதுவாக மலாக்கா மலாய்க்காரர்களுக்கிடையே மட்டுமே கைமாறக்கூடியது. அத்தகைய நிலம் நிறைந்த பகுதிகளில் தமிழர் தனியாக மனை வாங்கிக் கட்டுவது அரிது. அதனால் அவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பேட்டைகளின் வரிசை வீடுகளையே நம்பினர்.

இதற்கிடையே மலாக்கா நகரமே விலையுயர்ந்த ஊரானது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. 2008இல் யுனெஸ்கோ நகரின் மையத்தை உலக மரபிடமாக அறிவித்தபின் கடைவீடுகள் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் ஆயின. நகரத்துக்குள் இடம் கிடைக்காதவர்களுக்கு மஸ்ஜித் தானா, அலோர் காஜா, கோலா சுங்கை பாரு போன்ற வெளியூர்கள் இன்னும் முக்கியமாயின.

 தோட்டத்திலேயே தங்கிய தொழிலாளரின் வீட்டுத்தரத்துக்கு 1966இலும் 1990இலும் சட்டங்கள் வந்தன. அவை லயத்துக் குழாயையும் கூரையையும் சீராக்கின, உரிமையைத் தரவில்லை. வெளியூர் வீடுகளின் மலிவுக்கும் ஒரு விலை உண்டு. குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறியதும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். பள்ளி நிற்கும் இடம் ஒன்று, பிள்ளை வாழும் இடம் வேறு என்றானது. வீட்டை இங்கே வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ உழைத்து மாதத் தவணை கட்டும் இளைஞர்களும் உண்டு. தமிழர் காலி செய்த தோட்டக் குடியிருப்புகளில் இப்போது இந்தோனேசியத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் இருக்கிறார்கள். அவர்களின் கூரையும் வேலை இருக்கும் வரைதான்.