ஐந்து பாவும் ஒரு சராசரியும்: ஆரணிப் பட்டு நெசவில் டி-பரவலின் இடம்

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியில் பட்டு எடை போட்டுத்தான் கைமாறுகிறது. மாஸ்டர் நெசவாளரோ கூட்டுறவுச் சங்கமோ பாவையும் ஊடையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். தறியிலிருந்து அறுத்து வந்த சேலை மறுபடியும் தராசில் ஏறும். அனுமதித்த சேதாரத்துக்கு மேல் எடை குறைந்தால் கூலியில் பிடித்தம் வருவதுண்டு. சில பாவுகளில் அடுத்தடுத்துக் குறைந்துவிட்டால், 'இந்தத் தறியில் எப்போதும் குறைகிறது' என்ற பேச்சு எழும். இது சராசரியைப் பற்றிய கூற்று. கையில் இருப்பதோ நாலைந்து அளவீடுகள். இத்தகைய கூற்றைச் சோதிக்க டி-பரவலே உரிய அளவுகோல். ஆனால் எதை ஓர் அளவீடாக எண்ணுவது என்பதில் பிழைத்தால் அந்த அளவுகோலும் உதவாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டி-பரவல் பிறந்ததும் இதே நெருக்கடியில்தான். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், 1908இல் 'பயோமெட்ரிகா' இதழில் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் தம் கட்டுரையை வெளியிட்டார். பார்லியிலும் மால்ட்டிலும் செய்யும் சோதனைகள் செலவு மிக்கவை. மாதிரிகள் சிலவே கிடைக்கும். திட்டவிலக்கத்தையும் அந்தச் சில அளவீடுகளிலிருந்தே மதிப்பிடும்போது அந்த மதிப்பீடே ஆட்டங்காணும். அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்த்தால் இயல்நிலைப் பரவலைவிடத் தடித்த வால்கள் கொண்ட வேறொரு பரவல் கிடைக்கிறது. ரொனால்டு ஃபிஷர் அதற்கு நிறுவல் தந்து, 1925இல் வெளிவந்த தம் நூலின் வழியே இன்றைய வடிவத்தைப் பரப்பினார். மாதிரியின் அளவு ஐந்தானால் வரையற்ற பாகை நான்கு. 95 விழுக்காட்டு இடைவெளிக்கு 1.96 என்ற பழகிய எண் 2.776 ஆக உயர்ந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. கணக்குக்காக ஒரு தறியை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாவுகளில், சேதாரம் போக, சேலை ஒன்றுக்கு நேர்ந்த சராசரிக் குறைவு கிராமில் 12, 2, 9, 15, −3 என்று இருக்கட்டும். கடைசிப் பாவில் எடை சற்றுக் கூடியிருக்கிறது. சராசரி 7, திட்டவிலக்கம் 7.38, திட்டப் பிழை 3.30. இயல்நிலைப் பரவலை வைத்துப் பார்த்தால் இடைவெளி 0.5 முதல் 13.5 வரை. சுழியம் அதற்கு வெளியே நிற்கிறது; எனவே தறிக்காரர் மீது குற்றம் உறுதி. டி-பரவலில் இடைவெளி −2.2 முதல் 16.2 வரை விரிகிறது. 'உண்மையில் குறைவில்லை' என்ற இன்மை எடுகோளை இப்போது மறுக்க முடியாது. 'குறைகிறதா' என்று மட்டுமே கேட்கும் ஒருபக்கச் சோதனையிலும் டி மதிப்பு 2.120, எல்லையோ 2.132. மயிரிழை வித்தியாசம்தான். அதனால்தான் தீர்ப்பைவிட இடைவெளியை எழுதி வைப்பது மேல் என்கிறேன். மறுக்க முடியவில்லை என்பதற்காகக் குறைவே இல்லை என்று ஆகிவிடாது. 16 கிராம் வரை இருக்கவும் கூடும் என்று அதே இடைவெளி மாஸ்டர் நெசவாளருக்கும் சொல்கிறது.

இதற்கு எதிராக எளிதில் எழக்கூடிய வாதம் ஒன்று உண்டு: பாவுக்கு மூன்று சேலை என்றால் 15 அளவீடுகள் இருக்கின்றனவே, வரையற்ற பாகை 14 ஆகாதா? ஆகாது. ஒரு பாவில் அடுத்தடுத்து நெய்த சேலைகள் ஒரே சாயத்தொட்டியில் ஏறிய பட்டு. ஒரே நாள் நிறுத்தது. ஒரே அச்சில் ஓடியது. பாவின் எடையைப் பதிந்ததில் பிழை இருந்தால் அது மூன்று சேலைகளிலும் சேர்ந்தே இறங்கும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது ஒரு சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுவது போன்றது. இங்கே அளவீடு என்பது பாவு, சேலை அல்ல.

இதைவிடக் கனமான சிக்கல் பட்டின் இயல்பிலேயே இருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கான பசை சாயமேற்றுமுன் நீங்கிவிடும். அதனால் சாயமேறிய பட்டின் எடையையே கணக்காகக் கொள்வோம். அதுவும் நிலையானதன்று. பட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வணிக எடையில் உலர்ந்த பட்டுக்கு 11 விழுக்காடு ஈரம் ஏற்கப்பட்டிருப்பது அதனால்தான். 400 கிராம் பட்டில் ஈரம் ஒரு விழுக்காடு மாறினாலே 4 கிராம். ஐப்பசி மழையில் நிறுத்துக் கொடுத்து, வெயில் ஏறிய நாளில் திரும்ப நிறுத்தால், ஒரு நூல்கூடத் தவறாமலே குறைவு தெரியும். நாம் தேடும் சராசரிக் குறைவும் இதே அளவினது. எல்லாப் பாவுகளையும் ஒரே பக்கம் சாய்க்கும் இத்தகைய பிழையை டி-பரவல் காணாது. அது கணிப்பது சிதறலை மட்டுமே. ஆகவே சோதனைக்கு முன்பே, கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதே அறையில், நெய்யாமல் ஒதுக்கி வைத்த ஒரு கட்டுப்பாட்டுச் சிட்டத்தையும் நிறுத்து, அதன் மாற்றத்தைக் கழிக்க வேண்டும். செலவில்லாத திருத்தம் இது. இதைச் செய்யாத எடைப் பதிவை வைத்துக் கூலி பிடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அளவீடுகள் இயல்நிலைப் பரவலில் அமையும் என்று டி-சோதனை கொள்ளும் அனுமானம் பற்றி ஒரு சொல். இழை அறுந்து கழிவு கூடிய ஒரு பாவு சராசரியை ஒரு பக்கம் இழுத்துவிடும். காசெட் எடுத்துக்காட்டிய தூக்க மருந்துத் தரவிலேயே, பத்து நோயாளிகளில் ஒருவருக்கு இரு மருந்துகளுக்கிடையே கண்ட தூக்க வேறுபாடு 4.6 மணி நேரம். பத்துப் பேரின் சராசரி வேறுபாடு 1.58. அளவீடுகள் சிலவாக இருக்கும்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

சராசரியை ±3 கிராமுக்குள் அறிய எத்தனை பாவுகள் வேண்டும்? மேற்கண்ட சிதறலுக்கு ஏறக்குறைய 26. ஒரே தறியில் அத்தனை சேர ஆண்டுகள் ஆகும்; அதற்குள் பட்டும் பருவமும் கரையின் வடிவமும் மாறிவிடும். 26 தறிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தறிக்கு ஒரு பாவு நிறுத்தால் சில மாதங்களில் விடை கிடைக்கும். ஆனால் அந்த விடை 26 தறிகளுக்கும் பொதுவான சராசரி பற்றியது. சங்கம் சேதார அளவை நிர்ணயிக்க அது போதும். ஒரு தனித் தறிக்காரரின் கூலியில் கைவைக்க அதில் ஆதாரம் இல்லை.