விண்மீன் ஒளியில் குளம்புச் சுவடுகள்

கலிபோர்னியாவில் பொன் கிடைக்கிறது என்ற செய்தி 1849-இல் பல்லாயிரம் பேரை மேற்கு நோக்கி இழுத்தது. மெதடிஸ்ட் போதகர் ஜேம்ஸ் பிரையரும் அவர்தம் மனைவி ஜூலியட்டும் மூன்று சிறு ஆண்மக்களோடு அவ்வழி சென்றவர்களே. சியரா நெவாடா மலைப்பனிக்கு அஞ்சித் தெற்குப் பாதையில் சென்ற வண்டிக் கூட்டத்தில் பலர், நவம்பரில், குறுக்குவழி காட்டிய ஒரு வரைபடத்தை நம்பி வழிகாட்டியைப் பிரிந்தனர். பிரையர் குடும்பமும் பிரிந்தது.

வண்டிகளைக் கைவிட்டு, மூட்டைகளை மாடுகள்மேல் ஏற்றி நடந்தனர். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவு கணவர் நீர் தேடி முன்னே சென்றுவிட்டார். ஜூலியட் இளைய மகனை முதுகில் சுமந்து, மற்றப் பிள்ளைகளோடு பின்தொடர்ந்தார். இருளில் மண்டியிட்டு, விண்மீன் ஒளியில் மாடுகளின் குளம்புச் சுவடுகளைத் தேடினார். விடியுமுன் ஊற்றருகே முகாமை அடைந்தார்.

பின்னாளில் ‘மரணப் பள்ளத்தாக்கு’ எனப் பெயர்பெற்ற நிலம் அது. 1913 ஜூலையில் அங்கே 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. டிசம்பர் மாதமாதலால் அவ்வெப்பத்திற்குத் தப்பினர், தாகத்திற்குத் தப்பவில்லை.

பெருவிழா நாளன்று போதகர் தம் பிள்ளைகளுக்குக் கல்வியின் மேன்மை குறித்து உரையாற்றினாராம். நானும் பிரசங்கம் செய்பவனே. இதைப் படித்தபோது சற்றே நாணினேன்.

பெண்ணும் பிள்ளைகளும் பின்தங்கட்டும் என்று உடன்வந்தோர் சொன்னபோது ஜூலியட் இசையவில்லை. நாள்தோறும் காலையில் மாடுகளுக்குச் சுமையேற்றியதும் அவரே.

1850 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ என்னும் பண்ணையை அடைந்தனர். சான் பெர்னாந்தோ மறைத்தளத்திற்கு உரியதாயிருந்த அந்நிலத்திற்குப் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரே முன்னர் இடப்பட்டிருந்தது. பிள்ளைகள் மூவரும் உயிரோடிருந்தனர்.