உறவினரைப் பகைவராக்கிய கொள்ளை

அமெரிக்கப் புரட்சியில் நோவா ஸ்கோஷியா சேராததற்கு ஹாலிஃபாக்ஸ் கடற்படைத் தளமே காரணம் என்பார்கள். அது பாதி விடைதான். கடற்படையால் சிற்றூர்களைக் காக்க முடியவில்லை. அங்குள்ள லிவர்பூல் ஊரார் பெரும்பாலும் நியூ இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள், கிளர்ச்சியாளர்களுக்கு உறவுக்காரர்கள். அவர்களுடைய கப்பல்களைப் பறித்தவை அமெரிக்க உரிமம் பெற்ற தனியார் போர்க்கப்பல்கள். 1780இல் அக்கப்பல்காரர்கள் ஊர்க் கோட்டையையே பிடித்தார்கள். லிவர்பூல்வாசி சிமியோன் பெர்கின்ஸ் பேசி மீட்டார். 1782 ஜூலை 1 அன்று நோவா ஸ்கோஷியாவின் இன்னொரு ஊரான லூனன்பர்க்கைச் சூறையாடி, ஊரைக் கொளுத்தாமல் விட 1,000 பவுண்டுக்குப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை முந்தைய அக்டோபரிலேயே சரணடைந்திருந்தது; இக்கொள்ளைக்குப் போர்த்தேவை ஏது?

பிரிட்டிஷார் 1775இல் நியூ இங்கிலாந்தின் ஃபால்மவுத் ஊரை எரிக்கவில்லையா என்று கேட்கலாம். எரித்தார்கள், அது கொடுமைதான். ஆனால் எரித்தது கடற்படை. அதற்கு விலை கொடுத்தவர்கள் நோவா ஸ்கோஷியாவின் குற்றமற்ற கரையோரக் குடிகள். விளைவு, போர் முடியுமுன் லிவர்பூல்காரர்களே பிரிட்டிஷ் உரிமத்தோடு அமெரிக்கக் கப்பல்களை வேட்டையாடினார்கள்.