தொடக்கூடாத பகுதி பிறந்த கதை

எச்-59 என்ற விதியின் மதிப்பெண் விறுவிறுவென்று ஏறி 999-ஐத் தொட்டது. கிட்டத்தட்ட உச்சம். அதை எழுதியது மனிதர் அல்ல, யூரிஸ்கோ என்ற கணினி நிரல்.

யூரிஸ்கோவை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டக்ளஸ் லெனட். அதற்கு முன் அவர் எழுதிய ஏஎம் என்ற நிரல், பகா எண்கள் வரை தானே தேடிப் போய், பிறகு தேங்கி நின்றுவிட்டது. புதுப் புதுக் கருத்துகள் பிறந்தும், அவற்றை ஆராயும் விதிகள் பழையனவாகவே இருந்ததுதான் காரணம் என்று லெனட் கருதினார். ஆகவே, தன் விதிகளைத் தானே திருத்தும் உரிமையை யூரிஸ்கோவுக்குக் கொடுத்தார். பயனுக்கேற்ப ஒவ்வொரு விதிக்கும் மதிப்பெண்.

பலனும் கிடைத்தது. 1981-ல் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோவில் நடந்த விண்கலப் போர் விளையாட்டுப் போட்டியில், யூரிஸ்கோவின் துணையோடு லெனட் அமைத்த படை வென்றது. அடுத்த ஆண்டு ஆட்ட விதிகளை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அவரே வென்றார்.

எச்-59 அப்படி என்னதான் செய்கிறது? லெனட் குழுவினருக்கு முதலில் பிடிபடவில்லை. கூர்ந்து கவனித்த பிறகுதான் தெரிந்தது. உயர்ந்த மதிப்புள்ள கண்டுபிடிப்பு எது பதிவானாலும், கண்டுபிடித்தவர் பட்டியலில் எச்-59 தன் பெயரையும் சேர்த்துவிடும். அவ்வளவுதான். பாடுபட்டது வேறு விதி, கூலி இதற்கு. இதில் வஞ்சகம் துளியும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மதிப்பெண் பெற்ற விதியே நிலைக்கும் என்பது ஏற்பாடு. கணக்கேடோ கைக்கெட்டும் இடத்தில் திறந்தே கிடந்தது.

இன்னொரு முறை, நிரல் தானாக உண்டாக்கிய விதிகள் எல்லாமே மோசம், அழிக்க வேண்டும் என்று ஒரு விதி முடிவு கட்டியது. அதுவும் நிரல் உண்டாக்கியதுதான். நல்லவேளை, முதலில் அழிந்தவற்றில் அதுவே ஒன்றாகிப்போனது.

ஆனால் எச்-59 போன்றவற்றைத் தடுக்க நல்லவேளையை நம்பியிருக்க முடியாது. நிரலின் ஒரு சிறு பகுதியை யூரிஸ்கோவே திருத்த முடியாதபடி லெனட் ஒதுக்கிப் பூட்டினார். 1983-ல் வெளியான தன் ஆய்வுக் கட்டுரையில் இதை மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

 அந்தப் பூட்டைத் திறக்க வழி தேடும் அளவுக்கு யூரிஸ்கோவுக்கு அறிவு கிடையாது. இன்றைய செயற்கை நுண்ணறிவோ, நிரல் எழுதவும் பிழை திருத்தவும் கற்றுக்கொண்டது. தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் இயந்திரம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதன் மதிப்பெண் ஏடு யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.