அப்பாவின் திவசமும் முண்டு மிளகாயும்

போன மாசியில் அப்பாவின் திவசத்தன்று காலை மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டிகளில் முண்டு மிளகாய் பழுத்துச் சிவந்து நின்றன. நாலைப் பறித்துக்கொண்டு வந்து சமையலறை மேடையில் வைத்தேன். தினமும் செய்கிற பழக்கம்தான். சமையலுக்கு வந்திருந்த மாமி பதறிப்போனார்.

"மாமா, இன்னிக்கு இது உள்ளே வரப்படாது. முதல்ல எடுத்துண்டு போங்கோ."

எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் திவசச் சமையலுக்கு மிளகும் சீரகமும்தான். வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் உண்டு. உருளைக்கிழங்கு, தக்காளி, கோஸ், மிளகாய் கிடையாது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். ஆனாலும் அன்றைக்கு ஏனோ உறுத்தியது. அப்பா மிளகாய் இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மோர் சாதத்துக்குப் பச்சை மிளகாயை உப்பில் தொட்டுக் கடித்துக்கொள்வார். நெற்றி வியர்க்கும், துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுப்பார். அவர் பெயரைச் சொல்லி இலை போடுகிற நாளில் அது மட்டும் இலையில் இல்லை.

காரியம் முடிந்ததும் சாஸ்திரிகளிடம் கேட்டேன். "அது நம்ம தேசத்துக் காய் இல்லையே மாமா, பெரியவா சேத்துக்கலை" என்றார். சம்பிரதாயத்துக்குச் சொன்னாரோ என்னவோ, சரித்திரப்படி அவர் சொன்னது முழுக்கச் சரி.

மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் பல ஆயிரம் வருடங்களாகப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். கொலம்பஸ் மிளகு தேடிக் கப்பல் ஏறி, 1492இல் கரீபியன் தீவுகளில் போய் இறங்கினார். மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. அந்த ஊர் மக்கள் அதை 'அஹி' என்றார்கள். இது அவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட மேல் என்று 1493 ஜனவரியிலேயே நாட்குறிப்பில் எழுதிவிட்டார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். அவர்கள் கப்பல்களில்தான் மிளகாய் நம் பக்கம் வந்தது.

வந்த வேகம்தான் ஆச்சரியம். 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதில் மிளகாய்ச் செடியின் படம் இருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த பெயர் 'கோழிக்கோட்டு மிளகு'! கொலம்பஸ் போய் ஐம்பது வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அது இந்தியச் செடி என்றே ஒரு படித்த மனிதர் நினைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1776இல் இன்னொருவர் மிளகாயில் ஒரு வகைக்குச் சீனத்துச் செடி என்று நினைத்து 'சைனென்ஸ்' என்று பெயர் வைத்தார். அதுவும் அமெரிக்கச் செடிதான். தாவரவியலில் இன்றுவரை அந்தப் பெயரே நிற்கிறது.

நம் ஆட்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். மிளகு போலக் காரமாக இருக்கிறது, ஆனால் காய். அதனால் மிளகாய். கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. வந்தவன் 'முளகு' என்ற பெயரையே எடுத்துக்கொண்டான், பழைய மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி சேர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது. நாகர்கோவில் பக்கம் இன்றும் கடையில் 'நல்லமிளகு' என்றுதான் கேட்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக்கு மிளகு மூட்டை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அப்படிப்பட்ட மிளகுக்கு இந்த நிலைமை.

மிளகு ஏன் தோற்றது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். மிளகுக் கொடிக்கு மலைச்சாரல் வேண்டும், மழை வேண்டும், படர மரமும் நிழலும் வேண்டும். நட்டு மூன்று வருடமாவது காத்திருக்க வேண்டும். ராமநாதபுரத்துக்காரனுக்கு அது என்றைக்குமே காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. மிளகாய் அப்படியில்லை. கொல்லையில் நாலு விதையைத் தூவினால் மூன்று மாதத்தில் காய்க்கும். பழத்தைக் காயவைத்தால் வருடம் முழுக்க வரும், உள்ளேயே அடுத்த வருடத்துக்கு விதையும் இருக்கும். வியாபாரி தயவு வேண்டாம். ராஜாவின் ஆணையோ பண்டிதரின் சம்மதமோ கேட்காமல், கொல்லைக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்த சாமான் இது. அக்பர் காலத்து 'ஐன்-இ-அக்பரி'யில் சமையல் சாமான்களுக்கு நீளமான பட்டியல் உண்டு. மிளகு இருக்கிறது, மிளகாய் இல்லை. அரண்மனைக்கு அப்புறம்தான் போயிற்று. பல பழைய பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் இன்னும் நுழையவில்லை. புளியோதரைக்கு மிளகுக் காரம்தான். பூரி ஜகந்நாதர் கோயிலிலும் மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி கிடையாது. சாமிக்கும் பித்ருக்களுக்கும் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய சாப்பாட்டைத்தான் நாம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பூர்வீகம் பரமக்குடிப் பக்கம். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசியிலிருந்து பழம் எடுப்பார்கள். முண்டு மிளகாய் குண்டாக, சின்ன எலுமிச்சங்காய் மாதிரி இருக்கும். தோல் தடிப்பு. காய்ந்ததைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். 2023இல் ராமநாதபுரம் முண்டுவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கோ அமெரிக்காவில் பிறந்த செடிக்கு நம் மாவட்டத்தின் பெயரைச் சட்டப்படி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். ஏனென்றால் இந்த உருண்டை உருவம் தானாக வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் எவரோ ஒருவர் குவியலில் குந்தி, நல்ல குண்டுப் பழமாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்ததால் வந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார், விவசாயி இல்லை. ஆனால் கொல்லையில் பத்துச் செடி எப்போதும் நிற்கும். இரண்டாம் பறிப்பில் நல்ல பழமாக எடுத்து, நிழலில் காயவைத்து, விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டிப் பவுடர் டப்பாவில் போட்டு வைப்பார். இலை சுருண்டால் புளித்த மோர் தெளிப்பார். தபால் துறையில் எனக்கு ஊர் ஊராக மாற்றல் வந்தபோதும் அந்த விதை கூடவே வந்தது. அப்பா போன பிறகும் விடவில்லை.

அதை நான்தான் கெடுத்தேன். பணி ஓய்வு பெற்றதும் ஆர்வக்கோளாறில் ஒரு நாற்றங்காலிலிருந்து நீட்டு மிளகாய் இரண்டு வகை வாங்கிவந்து முண்டுவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தேனீக்கு எது அப்பாவின் செடி என்று தெரியுமா? அந்த வருடம் காயெல்லாம் உருண்டையாகவே இருந்தது. மகரந்தம் கலந்தால் கலப்பு விதைக்குள்தான் இருக்கும், காயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இது எனக்கு அப்போது தெரியாது. புது விதை எடுத்தாயிற்றே என்று டப்பாவில் இருந்த பழைய விதையைக் கொட்டிவிட்டேன். அடுத்த வருடம் பன்னிரண்டு செடியில் ஐந்து, முண்டுவும் இல்லாமல் நீட்டும் இல்லாமல் காய்த்தது. அன்றைக்கு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வழி சொன்னார். சான்று விதைக்கு வேறு ரகத்திலிருந்து குறைந்தது 200 மீட்டர் தள்ளிப் பயிரிடுவார்களாம். மொட்டை மாடியில் அதற்கு எங்கே போவது? பூ விரியுமுன் கிளைக்கு மல் துணிப்பை கட்டி, காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடச் சொன்னார். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். உருண்டையாகக் காய்த்ததில் மூன்று செடிகளுக்கு அப்படிப் பை கட்டி, விதையைத் தனித்தனியாக எடுத்து விதைத்தேன். இரண்டின் வாரிசுகள் பல உருவத்தில் வந்தன. ஒன்றின் வாரிசு மட்டும் எட்டும் உருண்டை. மூன்று வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். அது அப்பாவின் செடிதான் என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

திவசத்தன்று பறித்த நாலும் அதில் காய்த்தவை. மாடிப்படி மேலேயே ராத்திரி கிடந்தன. மறுநாள் காலை கீறி, விதையைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டேன். தோலை உப்பில் தொட்டு மோர் சாதத்துக்குக் கடித்துக்கொண்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும், சாயங்காலம் கண்ணைக் கசக்கினபோது எரிந்தது. மிளகாய்க் கைக்கு முதலில் எண்ணெய் தடவித் துடை, அப்புறம் சோப்பு என்று அப்பா சொல்வார். மறந்துபோயிற்று.